இரட்டைச் சுழிக்கு ஒரு பிக்சி

பிக்சி வெட்டு வேண்டும் என்று ஒரு பெண் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று போன வாரம் பயிற்சி வகுப்பில் உங்களைக் கேட்டேன். முகம் வட்டமா நீளமா என்று பார்ப்போம் என்றீர்கள். ஒருத்தி போனை நீட்டி, முகத்தைப் படம் பிடித்தால் எந்த வெட்டு பொருந்தும் என்று இதுவே சொல்லிவிடும் ஆன்ட்டி என்றாள். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஈப்போ புந்தோங்கில் கால் நூற்றாண்டுக்கு மேல் சலூன் நடத்தியவள் நான். முட்டி வலி வந்து, இனி நிற்க முடியாது என்று ஆன பிறகுதான் கத்தரியைக் கீழே வைத்தேன். ஆரம்பத்தில் “முடி வெட்டுறவதானே” என்று என் காதுபடவே பேசியவர்கள் உண்டு. அதே வாய்கள் தீபாவளிக்கு முந்தின வாரம் என் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து காத்துக் கிடந்தன. பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டிய இடத்தில் அடக்கமாகப் பேசுவது எனக்கு வராது.

விஷயத்துக்கு வருகிறேன். பிக்சி என்பது எதையும் ஒளித்துவைக்க இடம் கொடுக்காத வெட்டு. நீள முடியில் நாம் செய்த தப்பு கூந்தலுக்குள் ஒளிந்துகொள்ளும். காதுக்கு மேலே ஏற்றி, கழுத்தைத் திறந்துவிட்டு, உச்சியில் மட்டும் கொஞ்சம் முடி விடுகிற இந்த வெட்டில் நம் தப்பும் தெரியும், அவள் தலையில் இருப்பதெல்லாமும் தெரியும். தழும்பு தெரியும், மேடு பள்ளம் தெரியும், சுழி தெரியும். ஆகவே முகத்தை அப்புறம் பாருங்கள். முதலில் பின்னால் போய் நின்று உச்சியைப் பாருங்கள். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு கல்யாணம்.

சர்மிளா என்று ஒரு பெண். ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வீடு சுங்கை சிப்புட் பக்கம். ரப்பர் பால்மரங்களை வெட்டித் தள்ளிவிட்டு வீடு கட்டி விற்ற பழைய எஸ்டேட் நிலம் அது. அவளுக்கு இடுப்பைத் தொடும் பின்னல். கூட வேலை பார்த்த தினேஷைக் காதலித்து, இரு வீட்டாரும் பேசி நிச்சயம் செய்தார்கள். தினேஷ் குடும்பத்துக்குத் தைப்பிங்கில் புடவைக் கடை. அவன் அம்மா நிச்சயத்தன்றே சர்மிளாவின் பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்து, “இந்தப் பின்னலுக்கே பொண்ணு எடுக்கலாம்” என்றாராம்.

நிச்சயம் முடிந்த கொஞ்ச நாளில் சர்மிளாவின் அப்பா லாரியிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டுப் படுத்துவிட்டார். எழுந்து நடப்பாரா என்பதே சந்தேகம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கல்யாணம் தள்ளிப்போனது. ஊர் வாயைக் கேட்க வேண்டுமா? நிச்சயம் ஆனதும் வீட்டில் இப்படி ஆயிற்றே, பெண்ணுக்கு ஏதோ தோஷம் என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். சர்மிளா யாரிடமும் பேசவில்லை. அப்பா நடந்தால் என் முடியைத் தருகிறேன் என்று முருகனிடம் சொல்லிவிட்டாள். அப்பா கைத்தடி ஊன்றி நடந்தார். தைப்பூசத்தன்று கல்லுமலைக் கோயிலில் அவள் அந்தப் பின்னலை மழித்துக் கொடுத்தாள்.

வைகாசியில் அம்மாவோடு என் கடைக்கு வந்தாள். மொட்டை அடித்து முளைத்த முடியை விட்டால் எப்படி வளரும் என்று உங்களுக்குத் தெரியும். பின்கழுத்தில் வால் மாதிரி நீளும், காதை மூடும், உச்சியில் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். ரெண்டுங்கெட்டான். ஆவணியில் கல்யாணம் என்று நாள் குறித்திருந்தார்கள். போனில் ஒரு படத்தைக் காட்டி, “இந்த மாதிரி பிக்சி வெட்டிருங்க ஆன்ட்டி” என்றாள். படத்தில் இருந்த பெண்ணுக்கு உச்சி ஒட்ட வெட்டியிருந்தது. சர்மிளாவுக்கும் நல்ல முக வெட்டு, நீண்ட கழுத்து. உங்கள் போனைக் கேட்டிருந்தால் தாராளமாக வெட்டலாம் என்றுதான் சொல்லியிருக்கும்.

நான் பின்னால் போய் நின்று உச்சியில் சீப்பை வைத்தேன். அப்படியே நிறுத்தினேன். இரண்டு சுழி. ஒன்று வலப்பக்கம் சுற்றுகிறது, பக்கத்திலேயே இன்னொன்று இடப்பக்கம். இரண்டுக்கும் நடுவில் முடி சேவல் கொண்டை மாதிரி நிற்கிறது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தால், அவள் அம்மாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

இரட்டைச் சுழி என்றால் நம் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ரெண்டு கல்யாணம். பையனுக்கு இருந்தால் கேலி பேசிச் சிரிப்பார்கள். பெண்ணுக்கு இருந்தால் சிரிக்க மாட்டார்கள். முதல் தாலி நிலைக்காது என்று அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள். பிள்ளை பிறந்த நாளிலிருந்து இதை மறைத்தே வளர்த்திருக்கிறார் அந்தத் தாய். எண்ணெய் வைத்து, அழுத்தி வாரி, சுழிக்கு மேல் முடி போட்டே பின்னுவாராம். மொட்டை அடித்த அன்று, வேறு யார் கண்ணிலும் படும் முன்னால் சந்தனத்தை அள்ளி அள்ளி அப்பியிருக்கிறார். அதற்கப்புறம் மாப்பிள்ளை வீட்டார் வரும்போதெல்லாம் மகள் தலையில் துணி. சர்மிளா முடி அலசப் போன நேரத்தில் இதெல்லாம் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சம்பந்தியம்மா கண்ணுல இது படவே கூடாதுக்கா. ஏற்கெனவே இவ அப்பா விழுந்ததுக்கே பேசினாங்க. இதையும் பாத்தாங்கன்னா கல்யாணம் நின்னுரும்.”

கல்யாணத்தன்று நீளச் சடையோடு விக் வைத்துவிடலாம் என்று அவரே ஏற்பாடும் செய்திருந்தார். கோலாலம்பூரிலிருந்து வாங்கி வந்து, மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லியாயிற்று. சர்மிளாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. முடியை முருகனுக்குக் கொடுத்ததில் அவளுக்குப் பெருமை, அதை ஏன் மூட வேண்டும் என்பது அவள் கேள்வி. ஆனால் அம்மா அழுவதை அவளால் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு நாற்காலியில் திரும்ப உட்கார்ந்ததும் மெதுவாகச் சொன்னாள்.

“கல்யாணத்துக்கு விக்கே வச்சுக்கிறேன் ஆன்ட்டி, அம்மாவுக்காக. ஆனா உள்ள இருக்கிறதை நல்லா வெட்டிருங்க.”

யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் நன்றாக வெட்டச் சொல்கிற தலை எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

படத்தில் இருந்த வெட்டு உனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாடிக்கையாளர் கேட்டதைக் கொடுப்பதுதான் தொழில் என்று உங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். கேட்டதைக் கொடுப்பதற்குக் கடைக்காரன் போதும், நீங்கள் எதற்கு? ஒட்ட வெட்டியிருந்தால் அந்தப் பெண் ஆயுசுக்கும் கொண்டையோடு நின்றிருப்பாள். உச்சியில் நீளம் விட்டேன். முடியின் கனமே முடியைப் படுக்கவைக்க வேண்டும். வலச்சுழி எந்தப் பக்கம் சுற்றியதோ அந்தப் பக்கமே முன்முடியைக் கொண்டுபோனேன். சுழியோடு சண்டை போட்டு ஜெயித்தவர் கிடையாது, பிள்ளைகளா. அது போகிற பக்கம் நீங்களும் போக வேண்டும். கழுத்தை மட்டும் சுத்தமாக ஒட்ட எடுத்தேன்.

அதற்குப் பிறகு ஆவணி வரைக்கும் மாதா மாதம் வரச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அலசிவிட்டு டிரையரைத் தொடாமல் காற்றாடிக்குக் கீழே உட்கார வைப்பேன். டிரையரால் படியவைத்த முடி கடை வாசல் வரைக்கும்தான் படியும். தானாகக் காய்ந்து, தலையை ஒரு தரம் உதறிய பிறகு எந்த முடி எழும்புகிறது என்று பார்த்து அதை மட்டும் தொடுவேன். கடையில் என்னோடு வேலை பார்த்தவளுக்குப் பொறுமை இல்லை. விக்குக்கு உள்ளே போகிற முடிக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்டாள். விக் என்ன ஒட்டிப் பிறந்ததா, மறுநாள் காலையில் மாமியார் வீட்டில் தலைக்குக் குளிக்க மாட்டாளா என்று திருப்பிக் கேட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? அதை அவள் அம்மாவிடமும் ஒரு தடவை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் கண் கலங்கியதும் நிறுத்திக்கொண்டேன். அவர் பெற்ற பிள்ளை, அவர் பயம். நம் அதிகாரம் தலையோடு நின்றுவிடுகிறது.

கல்யாணத்தன்று காலை. ஈப்போவில் ஒரு கோயில் மண்டபம். மணமகள் அறையில் நாங்கள் மூன்று பேர்தான், சர்மிளா, அவள் அம்மா, நான். சர்மிளா கூரைப்புடவை கட்டி நகையெல்லாம் போட்டாயிற்று. தலை மட்டும் பாக்கி. விக்கை மேசைமேல் ஸ்டாண்டில் வைத்து, சடைக்குப் பூ சுற்றித் தயாராக வைத்திருந்தேன். அதை மாட்டுவதற்கு முன்னால் அவள் முடியைக் கடைசியாக ஒரு தரம் வாரிக்கொண்டிருந்தேன். வெளியே நாதஸ்வரம் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். விக் பாரமாயிருக்கிறதா என்று முன்தினமே கேட்டிருந்தேன். “போலே லா ஆன்ட்டி, சமாளிச்சுக்கலாம்” என்று சொல்லியிருந்தாள்.

கதவு திறந்தது. தினேஷின் அம்மா உள்ளே வந்தார். கையில் ஒரு வெல்வெட் பெட்டி. அவர்கள் வீட்டு வழக்கம் ஒன்று இருக்கிறது. மாமியாராக வரப்போகிறவரே தன் கையால் மருமகளின் சடையில் சடைவில்லை பதிக்க வேண்டும். அது எங்கள் யாருக்கும் தெரியாது. சொல்லியிருந்தால் சர்மிளாவின் அம்மா கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருப்பார். அந்த அம்மாள் நேராக வந்து நாற்காலிக்குப் பின்னால், எனக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். உட்கார்ந்திருப்பவள் தலை, நிற்பவர் கண்ணுக்குக் கீழே.

நான் வாரிக்கொண்டிருந்தேன் அல்லவா, என் சீப்பு முடியைப் பிரித்துப் பிடித்திருந்தது. இரண்டு சுழியும் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தன.

சர்மிளாவின் அம்மா கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார். என் தோளில் துண்டு கிடந்தது, எடுத்து மூடிவிடு என்று அர்த்தம். மூடியிருக்கலாம். ஈரம் துவட்டுகிற மாதிரி நடித்து, விக்கை எடுத்து மாட்டி, ஒன்றுமே நடக்காத மாதிரி சிரித்திருக்கலாம். என் கை துண்டுக்குப் போகத்தான் போனது.

போன கையை நிறுத்திக் கண்ணாடியைப் பார்த்தேன். தாயைப் பார்க்கவில்லை, மாமியாரையும் பார்க்கவில்லை. அந்தத் தலை யாருடையதோ அவள் கண்ணைப் பார்த்தேன். எந்த நெருக்கடியிலும் இதை மறக்காதீர்கள். பத்துப் பேர் கூடி நின்று ஆளுக்கொன்று சொல்வார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் ஒருத்திதான். சர்மிளா என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள். துண்டை எடுத்து மேசையில் போட்டுவிட்டேன்.

“இரட்டைச் சுழிதாம்மா,” என்றேன். “பாத்துட்டுத்தான் வெட்டினேன்.”

அந்த அம்மாள் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“எனக்கு ஒரே மகன்.”

அதில் கோபமில்லை, பயம்தான் இருந்தது. அந்தப் பக்கம் ஒரு தாய் மகளுக்காகப் பயந்து நிற்கிறார், இந்தப் பக்கம் ஒரு தாய் மகனுக்காகப் பயந்து நிற்கிறார். நடுவில் நான் சீப்போடு நிற்கிறேன். எனக்கு வந்ததைச் சொன்னேன். யோசித்துச் சொன்ன பேச்சு இல்லை அது.

“அம்மா, இவ அப்பா நடக்கணும்னு முருகனுக்குக் குடுத்த தலை இது. மொட்டை அடிச்ச அன்னைக்கு இந்த ரெண்டு சுழியையும் முதல்ல பாத்தது அவருதான். பாத்துட்டுத்தான் காணிக்கையை ஏத்துக்கிட்டாரு. அவருக்கு இல்லாத சந்தேகம் நமக்கு எதுக்கும்மா?”

அந்த அம்மாள் சர்மிளாவின் தோளைத் தொட்டு, இது உனக்கு முன்னமே தெரியுமா, தினேஷுக்குத் தெரியுமா என்று கேட்டார். சர்மிளா எழுந்து திரும்பி நின்றாள். பயந்த மாதிரியே இல்லை.

“தெரியும் அத்தை. மொட்டை அடிச்ச மறுநாளே அவருக்குக் காட்டிட்டேன். அதனால என்ன, ரெண்டு தடவையும் நானே கட்டிக்கிறேன்னாரு. போன மாசம் ரெஜிஸ்டர் பண்ணினது ஒண்ணு, இன்னைக்கு இது ரெண்டு. கணக்கு முடிஞ்சுருச்சு லா அத்தை.”

பாருங்கள், நான் பெரிய மனுஷியாகப் பேசிய பேச்சு ஒரு பக்கம், அந்தப் பெண் சாதாரணமாகச் சொன்ன பதில் ஒரு பக்கம். அரசாங்கப் பதிவு ஒரு நாள், கோயிலில் தாலி இன்னொரு நாள் என்று நம் ஊரில் எல்லாருக்கும்தான் நடக்கிறது. அதைச் சுழிக் கணக்கில் கழித்துவிடலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. சர்மிளாவின் அம்மா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டார். தைப்பிங் அம்மாள் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து சடைவில்லையை ஒரு தடவை பார்த்தார். ஸ்டாண்டில் இருந்த விக்கைப் பார்த்தார். அப்புறம் மருமகளின் தலையைப் பார்த்தார். முன்னால், பக்கவாட்டில், பின்கழுத்தில் என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். பெட்டியை மூடிவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அப்ப பூவை எங்க வைக்கப் போற?”

பிள்ளைகளா, அந்தக் கேள்விக்கு நான் வாழ்நாளெல்லாம் கடன்பட்டிருக்கிறேன். முகூர்த்தத்துக்கு நேரம் நெருங்கிவிட்டது. விக்கில் சுற்றியிருந்த மல்லிகையை உருவினேன். குட்டை முடியில் சரம் தொங்கினால் வேஷம் கட்டின மாதிரி இருக்கும். ஒற்றை வரிசையாக்கி, கறுப்பு நாடாவில் வைத்துத் தைத்து, ஒரு காதுக்குப் பின்னால் தொடங்கி மறு காதுக்குப் பின்னால் முடிகிற மாதிரி வளைத்துக் கட்டினேன். சர்மிளாவின் அம்மா ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். நெற்றிச்சுட்டியை முன்முடிக்குள் இரண்டு பின் போட்டு நிறுத்தினேன். மாதா மாதம் உழைத்த வெட்டு தயாராக இருந்தது, அதற்கு நான் செய்ய வேண்டியது ஒன்றும் பாக்கியில்லை. விக்குக்கு உள்ளே போகிற முடிதானே என்று நான் அசட்டையாக விட்டிருந்தால் அந்தக் காலையில் என்ன வாயால் பேசியிருப்பேன்?

அவள் மண்டபத்துக்குள் நடந்துபோனபோது சலசலப்பு எழுந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். “என்னா இது, ஆம்பளப் புள்ள மாதிரி” என்று ஒரு குரல் கேட்டது. “முருகனுக்குக் குடுத்துருக்கா லா, அழகாத்தான் இருக்கு” என்று இன்னொரு குரல் அதை அடக்கியது. அப்பா கைத்தடியை மணவறைப் படியில் சாய்த்துவிட்டு, தடியில்லாமல் மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். தாலி கட்டும்போது தினேஷின் தங்கை பின்னால் குனிந்து முடிச்சுப் போட்டாள். தூக்கிப் பிடிக்கச் சடை இல்லை, விலக்கப் பூச்சரம் இல்லை. திறந்த கழுத்து, மஞ்சள் கயிறு, மேலே ஒற்றை வரிசை மல்லிகை. என் தொழிலில் எத்தனையோ மணப்பெண்களுக்கு அலங்காரம் பண்ணியிருக்கிறேன். அத்தனை அழகான பின்கழுத்தை நான் பார்த்ததில்லை. நான் வெட்டியது அது.

அட்சதை போட்டு முடிந்ததும் மணமக்கள் பெரியவர்கள் காலில் விழுந்தார்கள். தைப்பிங் அம்மாள் முறை வந்தது. சர்மிளா குனிந்து எழுந்தாள். நான் தூணோரம் நின்று அந்த அம்மாளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசீர்வாதம் செய்பவர்கள் வழக்கமாக நெற்றிப் பக்கம் தொட்டுவிட்டு எடுத்துவிடுவார்கள். அவர் கையை நெற்றிக்குக் கொண்டுபோகவில்லை. பின்னுக்குக் கொண்டுபோய், உள்ளங்கையை நன்றாக விரித்து, அந்த இரண்டு சுழி மேலேயே வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவும் இல்லை. உதடு அசைந்தது, என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்கவில்லை.

அப்புறம் கையை எடுத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு முடிகூட எழும்பவில்லை.